மஞ்சள் காமாலை: கீழாநெல்லி அரைக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

கண் மஞ்சளாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால் போதும், எங்கள் ஊரில் இரண்டு காரியங்கள் உடனே நடக்கும். ஒருவர் சிறுநீரில் சோற்றுப் பருக்கையைப் போட்டுப் பார்ப்பார். பருக்கை மஞ்சளானால் காமாலை உறுதி. இன்னொருவர் வாய்க்கால் ஓரம் கீழாநெல்லி பிடுங்கப் போவார். அதை வேரோடு அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி, விடிகாலையில் மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். சிறுவயதில் நானும் குடித்திருக்கிறேன், குணமும் ஆனேன். கீழாநெல்லியைப் பழிப்பது என் நோக்கமில்லை. தவறு அதற்கும் முன்பே நடந்துவிடுகிறது: எதனால் வந்த காமாலை என்று யாரும் கேட்பதில்லை.

காமாலை என்பது காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி, தனி நோயல்ல. பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியைக் கல்லீரல் பித்தத்தில் சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. அணுக்கள் அளவு மீறி உடைந்தாலும், கல்லீரல் புண்பட்டாலும், பித்தக்குழாய் அடைபட்டாலும் அது இரத்தத்தில் தேங்கும். அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் (கிருமியால் வரும் கல்லீரல் அழற்சி) ஏ, இ. இரத்தம் வழியாகப் பரவும் பி, சி. குடி, எலிக்காய்ச்சல், காசநோய் மாத்திரைகள், பித்தக்கல், கணையப் புற்றுநோய் என எதனால் வந்தாலும் கண் ஒரே மாதிரிதான் மஞ்சளாகும். பருக்கைச் சோதனை இவற்றைப் பிரித்துக் காட்டாது. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டவரின் சிறுநீரும் மஞ்சளாகத்தான் போகும். அணுக்கள் உடைவதால் வரும் காமாலையிலோ பிலிருபின் சிறுநீரில் இறங்குவதே இல்லை.

ஏ, இ இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்திருந்தாலும் பேர் அதற்கே போய்ச் சேரும். என்னைக் குணப்படுத்தியது கீழாநெல்லியா, நாட்களா என்று இன்று என்னால் சொல்ல முடியாது.

இந்தச் செடியை அறிவியல் புறக்கணித்தது என்பதும் உண்மையல்ல. சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் அதில் பங்கேற்றார். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. பி கிருமியை அடக்கி வைக்கும் மாத்திரைகள் இன்று இருக்கின்றன. அவற்றை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவது, அடங்கிக் கிடந்த கிருமியை மறுபடி கிளப்பிவிடும்.

எங்கள் உறவில் ஒரு பெரியவர் காமாலைக்கு நாட்டு மருந்து சாப்பிட்டு இரண்டு மாதம் பத்தியம் இருந்தார். உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சுண்ணாம்பு போல வெளுத்தது. "மருந்து வேலை செய்யுது, பித்தம் இறங்குது" என்றார்கள். நானும் நம்பினேன். ஸ்கேன் எடுத்தபோது கணையத் தலையில் கட்டி, அறுவை செய்யும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. அரிப்பும் வெளுத்த மலமும் பித்தக்குழாய் அடைபட்டதற்கான அடையாளம் என்று அன்று எங்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கலாம். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அந்த வெளுத்த மலத்தைக் கைக்குழந்தையிடமும் கவனிக்க வேண்டும். பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகாமல், மலமும் வெளுத்திருந்தால் பிறவியிலேயே பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். பிறந்த முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தால் அது அவசரம். பிலிருபின் அளவு மீறி ஏறினால் மூளையைத் தாக்கும், காது கேளாமல் போகும். நீல விளக்கின் கீழ் வைத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். இளவெயிலில் காட்டுவது அந்த விளக்குக்கு ஈடாகாது. தெருவில் விற்கும் கழுதைப்பாலும் வேண்டாம். காய்ச்சாத பாலில் பச்சைக் குழந்தைக்கு நோய்த்தொற்றுதான் வரும். சூடு போடுவது வெறும் கொடுமை.

கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மற்றவர்களுக்குத் தானாக ஆறும் ஹெபடைடிஸ் இ, கடைசி மூன்று மாதங்களில் உயிரையே பறிக்கக்கூடியது.

பத்தியத்தைப் பற்றி ஒன்று. எண்ணெய், உப்பு, பருப்பு எல்லாம் நிறுத்திக் கஞ்சியிலேயே வாரக்கணக்கில் கிடத்துகிறார்கள். புண்பட்ட கல்லீரல் ஆறுவதற்கும் சத்து வேண்டும். கட்டாயம் நிறுத்த வேண்டியது சாராயம்தான்.

மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்பதும் தவறான எண்ணம். கொரோனா காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதை ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த விவாதம் எப்படிப் போனாலும், என்ன சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. திட்டுவார் என்ற பயத்தில்தான் நம்மவர்கள் மறைக்கிறார்கள். திட்டாமல் கேட்கும் மருத்துவருக்கே உண்மை கிடைக்கும்.

சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் சித்தப் பிரிவு உண்டு. பிலிருபின், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., இரத்தம் உறையும் நேரம், பி கிருமிச் சோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்து, அந்த முடிவுகளோடு போங்கள். நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ, வயிறு வீங்கினாலோ எந்த மருந்தையும் அரைத்துக்கொண்டிருக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சோதனையில் பி கிருமி இருப்பது தெரிந்தால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் சோதனை செய்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள். வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது என்றால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி கிருமிக்கான முதல் தடுப்பூசியைக் கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள்.