அறுவை சிகிச்சைக்கு முன்பே மெல்லப் பழகுங்கள்

உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டீர்களா? அப்படியானால் இன்றைய உணவிலிருந்தே ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று விழுங்கிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்துச் சற்றுப் பொறுத்து, பிறகு அடுத்த வாய். ஒரு வேளை உணவுக்கு 20 நிமிடமாவது ஆகட்டும். சிகிச்சைக்குப் பிறகு இரைப்பை மிகச் சிறியதாகிவிடும்; அவசரமாக விழுங்கினால் நெஞ்சில் அடைத்து வலிக்கும், வாந்தியும் வரும். வலியோடு படுத்திருக்கும்போது புதுப் பழக்கம் கற்பது கடினம், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

தண்ணீரும் அப்படித்தான். சாப்பாட்டோடு குடிக்காமல், முடித்து 30 நிமிடம் கழித்துச் சிறு சிறு மிடறாகக் குடித்துப் பழகுங்கள். ஆனால் நாள் முழுவதும் குடிக்க மறக்காதீர்கள். வீடு திரும்பிய முதல் வாரங்களில் பலரைச் சோர்வடையச் செய்வது நீர்ச்சத்துக் குறைவே.

தட்டில் முதலில் புரதம். பெரும்பாலோருக்கு நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் தேவைப்படும். உங்கள் அளவை உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முடி கொட்டினால் பதறாதீர்கள்; பெரும்பாலும் தற்காலிகமானதுதான்.

சிகிச்சைக்குப் பிறகு தரும் வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம் போன்ற மாத்திரைகளை உடம்பு நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தவே கூடாது. வலி மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். சில வகைகள் இரைப்பையில் புண் உண்டாக்கும்.