சிலேட்டுச் சரிவில் கொம்புச் சாணம் தெளிப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் அப்பா பந்தல் போட்டு முந்திரிகை (திராட்சை) வளர்த்தது தட்டை நிலத்தில். நான் 11 வருடமாக வேலை செய்வது ஜேர்மனியில், மோசெல் ஆற்றுக்கு மேலே சுவர் மாதிரி நிற்கும் ஒரு மலையில். பிரெம் கிராமத்தின் கல்மொன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை சாய்வு. எங்களுடையது அவ்வளவு இல்லை, ஆனாலும் உழவு இயந்திரம் ஏறாது. வைனுக்கான ரீஸ்லிங் என்ற முந்திரிகைக் கொடிகளைத் தனித்தனிக் கம்பில் கட்டியிருக்கிறோம். காலடியில் மண்ணைவிடச் சிலேட்டுக் கல்தான் அதிகம்.

தோட்டம் இரசாயன உரம் போடாத பயோடைனமிக் முறையில் நடக்கிறது. தமிழில் உயிராற்றல் வேளாண்மை என்பார்கள். 1924 இல் ரூடோல்ப் ஸ்ரைனர் என்ற தத்துவவாதி கோபர்விற்ஸ் என்ற ஊரில் நடத்திய எட்டு விரிவுரைகளிலிருந்து வந்தது. அதில் முதலில் கற்க வேண்டியது 500 என்ற எண்ணால் சொல்லப்படும் கொம்புச் சாண உரம், அதாவது பசுக் கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து எடுப்பது. தயாரிக்கும் விதம் எங்கும் ஒன்றுதான். சரிவில் அதைத் தெளிப்பது வேறு வேலை. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

செப்டெம்பர் கடைசியில் தொடங்குங்கள். கன்று போட்ட பசுவின் கொம்பு வேண்டும், காளையின் கொம்பு வேண்டாம். புல்லும் வைக்கோலும் தின்ற மாட்டின் இறுகிய சாணத்தை, உள்ளே காற்று நிற்காதபடி கொம்பு நிறைய அடையுங்கள். புதைக்கும் இடம் சரிவில் இருக்கக் கூடாது. சிலேட்டுக்குள் குழி தோண்டுவதும் கஷ்டம், அங்கே மண்புழுவும் குறைவு. நாங்கள் ஆற்றோரத் தோட்டத்தின் நல்ல கறுப்பு மண்ணில், முழங்கால் ஆழத்தில் புதைக்கிறோம். வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் தேங்கி உள்ளே அழுகிவிடும்.

ஈஸ்ரர் கழித்துத் தோண்டுங்கள். சாண மணம் போய், மழை பெய்த காட்டு மண்ணின் மணம் வர வேண்டும். பச்சையாக, ஒட்டும் பதத்தில் இருந்தால் திரும்பப் புதைத்துச் சில கிழமை விடுங்கள். சரியாக வந்ததைத் தட்டி எடுத்து, மண் சாடியில் போட்டு, மூடியை இறுக்காமல் குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள்.

தெளிக்கும் நாளைத் தெரிவதில் சரிவு குறுக்கே வரும். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் அன்றைக்கே மழை பெய்திருக்கக் கூடாது. நனைந்த சிலேட்டில் கால் நிற்காது. மழை விட்ட மறுநாள் பின்னேரம்தான் நல்லது. தெற்குப் பார்த்த சரிவில் கல் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்திருக்கும், அதனால் வெயில் இறங்கும்வரை பொறுங்கள்.

அளவு, ஒரு ஹெக்டேயருக்கு ஏறக்குறைய 100 கிராம் உரம், 40 லீற்றர் மழைநீர். எங்கள் சரிவு அரை ஹெக்டேயர், ஆகவே 50 கிராமும் 20 லீற்றரும். தண்ணீர் கைபொறுக்கும் இளஞ்சூட்டில் இருக்கட்டும். ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் பீப்பாயின் அடி தெரியும் அளவுக்குச் சுழி விழுந்ததும், சட்டென்று மறுபக்கம் திருப்புங்கள். தண்ணீர் குழம்பி நுரைத்து, திரும்பச் சுழி பிடிக்கும். திரும்பவும் மாற்றுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பீப்பாயைக் கீழே வைக்காதீர்கள், மலையின் உச்சியில் வையுங்கள். கலக்கிய தண்ணீரை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தெளித்து முடித்தாக வேண்டும். முதல் வருடம் நான் கொட்டில் வாசலில் கலக்கினேன். எங்களிடம் சுமை ஏற்றும் ஒற்றைத் தண்டவாள வண்டி உண்டு. அன்று அதன் இயந்திரம் கிளம்பவில்லை. முதுகில் சுமந்து ஏறி, கடைசி வரிசைகளுக்குப் போகும்போது இருட்டிவிட்டது. கல் உருண்டு விழுந்து முழங்கை கிழிந்தது, தண்ணீரும் பாதி கொட்டிப் போனது. அன்றிலிருந்து வெறும் தண்ணீரைக் காலையிலேயே வண்டியில் ஏற்றி விடுகிறேன். வண்டி மக்கர் பண்ணினாலும் பகல் முழுக்க நேரம் இருக்கும். பின்னேரம் நாலரைக்கு உச்சியிலேயே கலக்கத் தொடங்கினால் ஏழு மணிக்குள் கீழே வந்துவிடலாம்.

கலக்கியதைப் பழைய சாரத் துண்டில் வடித்து எடுங்கள், இல்லாவிட்டால் தெளிப்பான் அடைக்கும். செம்பு மருந்து அடித்த தெளிப்பானை இதற்கு எடுக்கவே வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் மிச்சம் இருக்கும். நான் தெளிப்பானையே விட்டுவிட்டேன். ஒரு வாளி, ஒரு சிறு தும்புக்கட்டை, அவ்வளவுதான். விடியற்காலையில் அம்மா முற்றத்தில் சாணத் தண்ணீர் தெளிப்பாரே, அதே கை வீச்சு. பெரிய துளிகளாக மண்ணில் விழ வேண்டும், நிலம் முழுக்க நனைய வேண்டியதில்லை. வாளியில் ஐந்து லீற்றருக்கு மேல் வேண்டாம்.

இறங்கும்போது முகம் மலைப் பக்கம் இருக்கட்டும், உடம்பைப் பக்கவாட்டில் வைத்து ஒவ்வொரு காலாக இறக்குங்கள். வாளி எப்போதும் மேல்பக்கக் கையில். பிடிமானத்துக்குக் கம்பைப் பிடிக்கலாம், கொடியைப் பிடிக்காதீர்கள், வசந்தத்தில் மொட்டு தொட்டாலே உதிரும்.

கொம்புக்கு என்று தனியாக ஒரு பலன் இருப்பதை விஞ்ஞானிகள் பலர் ஏற்பதில்லை. நான் அவர்களோடு வாதாடப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது, இந்த வேலைக்காக வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு வரிசையையும் கால்நடையாகப் பார்க்கிறேன். எங்கே மழை மண்ணை அரித்திருக்கிறது, எந்தக் கல்மதில் புடைத்து நிற்கிறது, எங்கே மூடுபயிர் முளைக்கவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படுகிறது. பையில் சிவப்பு நாடா வைத்திருங்கள், அப்படியான இடத்துக் கம்பில் கட்டிவிட்டு, மறுநாள் மண்வெட்டியோடு வாருங்கள். இந்தச் சரிவுகளில் கீழே வழிந்த மண்ணைக் கூடையில் முதுகில் சுமந்து மேலே கொண்டுபோன காலம் உண்டு. ஒரு கூடை மண் கூட வீணாகப் போக விடாதீர்கள்.

முடிந்ததும் பீப்பாயை வெறும் தண்ணீரால் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், சவர்க்காரம் போட வேண்டாம். கொம்புகளைக் காய வைத்து அடுத்த செப்டெம்பருக்கு எடுத்து வைக்கலாம். ஒரு கொம்பு மூன்று நான்கு தடவை வரும். வெடிப்பு விழுந்தால் ஒதுக்கி விடுங்கள்.