வான் இல்லாத ஒரு நாள்: நல்லூரிலிருந்து பெரியகடை வரை

வெளிநாட்டிலிருந்து மூன்று கிழமை லீவில் யாழ்ப்பாணம் போகிறவர்களின் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். விடிய வாடகைக்குப் பிடித்த வான் (van) வரும். கீரிமலை, நயினாதீவு, இடையில் நாலு சொந்தக்காரர் வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சோடா. ஊரைப் பார்த்தோம் என்று திரும்பி வருவோம், ஆனால் ஒரு கடைப்படி ஏறியிருக்க மாட்டோம். ஒரு நாளைக்கு வானை வேண்டாமென்று சொல்லுங்கள். ஞாயிறு மட்டும் வேண்டாம், டவுனில் நிறையக் கடை பூட்டு.

காலையில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். லண்டனில் பிறந்த பெடியனுக்கு இதை வாசலில் வைத்துச் சொல்லாமல் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அர்ச்சனைச் சீட்டு 1 ரூபாய். 25 நாள் திருவிழாக் காலத்தில் சுற்றுவீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், அப்போது வான் இருந்தும் பிரயோசனமில்லை.

அங்கிருந்து ஓட்டோவிலோ, வீட்டில் சும்மா நிற்கிற சைக்கிளிலோ டவுனின் கடைத்தெருவான பெரியகடைக்கு வாருங்கள். காலைச் சாப்பாட்டுக்கு மலாயன் கபே: பழைய மேசை, வாழையிலை, முழுக்க மரக்கறி. அது நிரம்பியிருந்தால் பக்கத்தில் எந்தத் தேத்தண்ணிக் கடையும் சரிதான். இங்கே நம் பிள்ளைகள் திகைக்கிற ஒன்று உண்டு. கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை, றோல்ஸ், வாய்ப்பன் கொண்டுவந்து வைப்பார்கள். எல்லாம் உங்களுக்கில்லை. தின்றதை எண்ணித்தான் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். என் மகள் முதல் தடவை, வீணாக்கக் கூடாதென்று எட்டையும் தின்றுமுடித்தாள். தேத்தண்ணி சொல்லும்போதே "சீனி குறைச்சு" என்று சொல்லிவிடுங்கள்; பிறகு சொல்லிப் பயனில்லை.

சந்தைப் பக்கம் பனம்பொருள் விற்கிற சின்னக் கடைகளில்தான் நேரம் போகவேண்டும். பனங்கட்டி (பனைவெல்லம்) குட்டான் என்கிற சின்ன ஓலைப் பெட்டியில் இருக்கும். ஒரு குட்டானைப் பிரித்து, வெறுந்தேத்தண்ணியோடு கடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நல்ல பனங்கட்டி வாயில் கரையும்போது கடைசியில் ஒரு சின்ன உவர்ப்பு நிற்கும்; வெறும் இனிப்பென்றால் சீனி கலந்திருக்குமோ என்று நான் சந்தேகப்படுவேன். பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல் மூன்றையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். பனாட்டு பனம்பழக் களியை வெயிலில் காயவைத்தது. ஒடியல் பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவிட்டது. கூழுக்கு மாவாக்குவது இதைத்தான். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், அதைச் சும்மாவே கடிக்கலாம், பல் நல்லதென்றால்.

"எப்ப வந்தனீங்கள்? எந்த ஊர்? ஆற்ற மகன்?" என்று கடைக்கார ஐயா கேட்பார். இது விசாரணை இல்லை, வியாபாரத்தில் ஒரு பகுதி. அப்பாவின் ஊரைச் சொல்லுங்கள்; பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு வழியில் சொந்தமாகிவிடுவீர்கள். விலையை மட்டும் பவுண்ஸில் மாற்றிப் பார்த்து "அட, இவ்வளவு மலிவா" என்று சத்தமாகச் சொல்லாதீர்கள். நான் ஒருக்கால் சொன்னேன். பக்கத்தில் நின்று அரைக் கிலோ வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. காலையிலேயே 5000 ரூபாய்த் தாளையும் நீட்டாதீர்கள், மாற்றிக் கொடுக்கச் சில்லறை இராது.

கஸ்தூரியார் வீதி, கன்னாதிட்டிப் பக்கம் நகைக்கடைகள். இந்த நாளில் அங்கே நுழைந்தால் நாள் முடிந்தது. நகை செய்விக்கிற எண்ணமிருந்தால் வந்த முதற்கிழமையே ஓடர் கொடுங்கள். தங்கத்தில் ஒரு பவுண் என்றால் 8 கிராம். செய்கூலியையும் சேதாரத்தையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

பன்னிரண்டு மணி வெயிலோடு சண்டை பிடிக்காமல் வீட்டுக்குப் போய் ஒரு நித்திரை கொள்ளுங்கள். பின்னேரம் பூபாலசிங்கம் புத்தகசாலையில் ஈழத்து வெளியீடுகளைப் புரட்டலாம். வெளிநாட்டில் கிடைக்காத மெல்லிய கவிதைத் தொகுப்புகளைக் கண்ட இடத்திலேயே வாங்கிவிடுங்கள். அங்கிருந்து பொதுசன நூலகம் கிட்ட. 1981இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின என்பதைப் பிள்ளைகளுக்கு அந்த வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் நின்று சொல்லுங்கள்.

இருட்டும்போது திரும்ப நல்லூர், கோயிலடி றியோவில் ஐஸ்கிறீம். சனம் கூடினால் இடம் பிடிக்க ஒருவரை முதலில் அனுப்புங்கள்.

தோலகட்டி நெல்லிரசப் போத்தல் வாங்கியிருந்தால் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். இரண்டு பொலித்தீன் பை சுற்றி, பெரிய பெட்டியின் நடுவில், சாரத்துக்குள் (கைலிக்குள்) வையுங்கள். மிளகாய்த்தூளை அதற்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம்.