எமில் நோல்டே பாணியில் ஆடும் உருவங்களை வரைய

ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டேயின் 1910 ஆம் ஆண்டு ஓவியமான 'பொற்கன்றைச் சுற்றிய நடனம்' முன்னால் இருந்தால் நல்லது. அதில் விரல்களைத் தேடாதீர்கள், கிடைக்காது. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் அங்கே முக்கியம்.

50 × 60 செ.மீ. கான்வாஸ் போதும். மஞ்சள் காவி எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் (எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் திரவம்) நீர்க்கக் கரைத்துப் பூசி நன்றாகக் காயவிடுங்கள். பென்சில் வேண்டாம், பென்சில் கோடு இருந்தால் கை அதை நிரப்பத்தான் போகும், ஆட்டம் அங்கேயே செத்துவிடும். ஒவ்வொரு உருவத்துக்கும் தலையிலிருந்து ஊன்றிய காலுக்கு ஒரே வளைகோடு, தூரிகையால். மூன்று, நான்கு உருவங்கள் தாராளம். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் காற்றில் வளைந்த மரங்கள்போல் ஆகிவிடும். ஒன்றையாவது எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

பலர் கோட்டைவிடுவது வண்ணத்தில். மஞ்சள் உடலுக்குப் பக்கத்தில் ஊதா வைத்தால் இரண்டும் பளீரென்று தெரியும். ஆனால் ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்று இழுத்தால் எதிர் நிறங்கள் கலந்து சேற்றுப் பழுப்பாகும். எனவே நிறத்துக்கு ஒரு தட்டைத் தூரிகை. நடுவில் நூலளவு காவித்தளம் தெரியட்டும். பிறகு, எண்ணெய் கலக்காத கெட்டியான சிவப்பை அந்த இடைவெளியில் ஒரே இழுப்பில் விடுங்கள். திரும்பத் தடவாதீர்கள். சேறாகிவிட்டால் மேலே பூசி மறைக்க முடியாது. கத்தியால் சுரண்டி, துணியால் துடைத்து, மறுபடி வையுங்கள்.

முகத்துக்கு இரண்டு புள்ளி, ஒரு கீற்று போதும்.