எல்லாவற்றுக்கும் பனியா காரணம்? மலைப்பகுதிப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் பக்கம் குழந்தைக்கு எது வந்தாலும் முதலில் வரும் பேச்சு, "பனி பட்டிருச்சு". சளிக்கும் பனி, மூச்சிரைப்புக்கும் பனி, கை கால் வீங்கினாலும் பனி. குளிர்காலத்தில் சளி கூடுவது உண்மைதான். ஆனால் அதைக் கொண்டுவருவது கிருமிகள். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் ஒரே அறையில் முடங்குவதால் எளிதாகத் தொற்றுகின்றன. பழியைப் பனிமேல் போட்டுவிட்டால், அப்புறம் குழந்தையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

இருமுகிற குழந்தையிடம் பார்க்க வேண்டியது மூச்சை. ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை என்று சுற்றிவைத்தால் நெஞ்சு எப்படித் தெரியும்? குழந்தை அழாமல் இருக்கும் நேரத்தில் துணியை விலக்கி, 1 நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 2 மாதம் ஆகாத குழந்தைக்கு 60, அதிலிருந்து 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. மூச்சு இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108. "ரோடெல்லாம் மூடுபனி, விடியட்டும்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடிக்கடி வீசிங் வரும் பிள்ளைக்கு இன்ஹேலர் எழுதித் தந்தால், "பழகிடும்" என்று பயந்து சிரப் கேட்பவர்கள் நிறைய. இன்ஹேலர் மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும். ஸ்பேசரும் (இன்ஹேலரோடு பொருத்தும் மருந்துக் குழாய்) முகமூடியும் சேர்த்தால் கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம். அடிமைப்படுத்தும் மருந்து இல்லை அது.

சிரப் விஷயத்தில்தான் பயம் வேண்டும். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது. 5 வயது வரையிலும் பொதுவாகத் தேவையில்லை. 1 வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் தேன் கொடுத்துப் பாருங்கள்.

நம் ஊர்த் தைலத்தைக் குறை சொன்னால் கோபம் வரும், சரி. ஆனால் நீலகிரித் தைலம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். மூக்கில் தடவ வேண்டாம், பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்குவது இதைவிட மோசம்; மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

கை கால் வீக்கத்துக்கு வருவோம். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களில் சிக்கில் செல் சோகை உண்டு; ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய் அது. இந்தியாவில் இந்த நோய் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று, 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் எடுத்ததுதான். 6 மாத வயதுக்குப் பிறகு, புறங்கையும் பாதமும் வீங்கிக் குழந்தை வலியில் அழுவது இதன் முதல் அடையாளமாக இருக்கலாம். குளிர் இந்த வலியைத் தூண்டும் என்பதால் "பனிதான்" என்ற பேச்சு பாதி உண்மையாகி, மீதி பாதியை மறைத்துவிடுகிறது. கிருமிகளை எதிர்க்க உதவும் மண்ணீரல் இந்தக் குழந்தைகளுக்குச் சரியாக வேலை செய்யாததால் சாதாரணக் காய்ச்சலும் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால் பாராசிட்டமால் கொடுத்து நாளைவரை பார்க்கலாம் என்ற கணக்கு இங்கே கூடாது. வலி இல்லையே என்று, வலி வருவதைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியாவையோ தொற்றைத் தடுக்கும் பெனிசிலினையோ நிறுத்துவதும் தவறு. "ரத்தம் கம்மி" என்று டெஸ்ட் செய்யாமல் இரும்புச்சத்து டானிக் ஊற்றுவதும் அப்படித்தான். தாய் தந்தை இருவரும் இந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு இருப்பது தெரிந்ததும் கூடப்பிறந்தவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.