தீயில் போன விடுதியின் நினைவுகளைத் திரட்டுவது எப்படி

கோலாலம்பூரில் ஒரு பழைய கல்லூரி விடுதி எரிந்துபோனால், அங்கே தங்கிப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த சில வாரங்களுக்குத் தீயைத் தவிர வேறு பேச்சே இருக்காது. எந்த அறையில் பிடித்தது, மின்கம்பிதான் காரணமா, பொம்பா எனப்படும் தீயணைப்பு வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று ஆளுக்கொரு தகவல் வந்துகொண்டே இருக்கும். அந்த ஓர் இரவின் விவரங்களைத் தீயணைப்பு மீட்புத் துறையின் அறிக்கையும் நாளேடுகளும் எப்படியும் பதிந்துவிடும். அதற்கு முன் அந்தக் கூரையின் கீழ் நடந்த பத்தாயிரக்கணக்கான சாதாரண இரவுகளை யாரும் பதியப்போவதில்லை. முன்னாள் மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபமான டேவான் துங்கு சான்சலர் 2001-இல் எரிந்தது. பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. கட்டடக் கலைஞர் கிங்டன் லூ வடிவமைத்த அந்த மண்டபத்தில் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். அதன் முன் நின்று எடுத்த படம் பல வீட்டு வரவேற்பறைகளில் இன்றும் தொங்குகிறது. விடுதிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. குளியலறைக்கு வெளியே வாளியோடு நின்ற வரிசையையும், மாடிப்படிக்குக் கீழே சட்டைக்கு இஸ்திரி போட்ட மேசையையும் யாரும் படமெடுத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே, விடுதியின் வரலாற்றில் பெரும்பகுதியை வாய்மொழியாகத்தான் பெற வேண்டியிருக்கும்.

முதலில் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதை வயதுவாரியாக அடுக்கி, மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். பட்டியலில் மாணவர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சமையல்காரர், காவலாளி, தோட்டக்காரர், துணி வாங்கிப்போன டோபி, அவர்கள் இல்லையென்றால் அவர்களின் பிள்ளைகள் எல்லோரும் அதில் இடம்பெற வேண்டும். குறிப்பாக, விடுதி வளாகத்திலேயே வளர்ந்த வார்டனின் பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். மாணவர் மூன்று நான்கு ஆண்டுகளில் போய்விடுவார். அந்தப் பிள்ளைகளோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதே தாழ்வாரத்தில் ஓடி விளையாடியவர்கள், ஒரு தலைமுறையையும் அடுத்த தலைமுறையையும் ஒப்பிட்டுச் சொல்லக்கூடியவர்கள்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு, ஒன்றுகூடலைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால், சுவையாகப் பேசத் தெரிந்த ஒருவரின் கதை மற்ற ஒன்பது பேரின் கதையாகவும் ஆகிவிடும். அதன்பிறகு யார் நேரில் கண்டது, யார் கேட்டுச் சொல்வது என்று பிரிக்கவே முடியாது. பேசப் போகும் வீட்டில் பசியாறச் சொன்னால் மறுக்காதீர்கள். ஒலிப்பதிவுக்கு முன் நடக்கும் அந்தப் பேச்சில்தான் பாதி விஷயம் வெளிவரும். எனவே அனுமதி கேட்டுப் பதிவை அப்போதே தொடங்கிவிடுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் கைப்பேசியை வைக்காதீர்கள்.

“விடுதி வாழ்க்கை எப்படி இருந்தது?” என்று கேட்டால் “அதெல்லாம் பொற்காலம் தம்பி” என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும். மாறாக, “அண்ணே, காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் இறங்குவீங்க? சன்னல் எந்தக் கைப்பக்கம்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் உடம்பைச் சற்றுத் திருப்பிக் கையால் இடத்தைக் காட்டத் தொடங்குவார். அந்த நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் நீட்டி, அறையையும் அதிலிருந்து உணவுக்கூடம் வரைக்குமான வழியையும் வரையச் சொல்லுங்கள். படிக்கட்டை ஒருவர் கிழக்கிலும் மற்றொருவர் தெற்கிலும் வரைந்தால் திருத்தாதீர்கள். இரண்டு தாள்களிலும் வரைந்தவர் பெயரையும் அவர் தங்கியிருந்த ஆண்டுகளையும் எழுதி வையுங்கள். பிற்பாடு, இடையில் படிக்கட்டையே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிய வரலாம். வழியைச் சொல்லிக்கொண்டு போகும்போதே மணிச்சத்தம், சம்பல் நெடி, மழையில் தகரக் கூரையின் இரைச்சல், இரவில் தாமதமாக வந்தவர்கள் ஏறிக் குதித்த வேலி எல்லாம் தாமாக வந்து சேரும்.

பேச்சை எழுத்தாக்கும்போது, தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த அவர்களின் பேச்சை அப்படியே விட்டுவிடுங்கள். ‘அஸ்ராமா’ என்றவரை ‘விடுதி’ என்று பேசவைப்பது பதிவாகாது.

எல்லோரும் தடுமாறும் இடம் ஆண்டுக்கணக்கு. “எழுபதுகளில் ஏதோ ஒரு வருஷம்” என்பார்கள். நேரடியாக ஆண்டைக் கேட்காமல், ஊரறிந்த நிகழ்ச்சிகளை வைத்துச் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும். 1969 மே 13 கலவரத்தின் ஊரடங்கின்போது விடுதியில் இருந்தாரா, ஊருக்குப் போயிருந்தாரா? 1971 சனவரிப் பெருவெள்ளத்தில் சாப்பாடு எப்படி வந்தது? 1975 சூலையில் மெர்டேக்கா அரங்கில் முகமது அலி ஜோ பக்னரோடு குத்துச்சண்டையில் மோதியபோதும், அடுத்த மாதமே கோலாலம்பூர் ஏஐஏ கட்டடத்தில் சப்பானியச் செம்படை என்ற தீவிரவாதக் குழுவினர் ஆட்களைப் பிணை பிடித்தபோதும் எந்த அறையில் இருந்தார்? விடுதித் தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையா, வண்ணமா? மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு 1978 இறுதியில்தான் வந்தது. தீபகற்ப மலேசியாவின் நேரம் மாறி, கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது நினைவிருந்தால் அது 1982 புத்தாண்டு. பினாங்குக்காரராக இருந்தால் இன்னும் எளிது: விடுமுறைக்குப் போகும்போது பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறுவதைத் தவிர வேறு வழியில்லாத காலம் என்றால் 1985-க்கு முன்பு, பாலம் திறந்தது அந்த ஆண்டில்தான். இப்படி இரண்டு மூன்று முளைகளை அடித்துவிட்டால், மீதிச் சம்பவங்களை அவரே அவற்றுக்கு இடையில் பொருத்திவிடுவார்.

புகைப்படங்களுக்கு வருவோம். எழுபது எண்பதுகளின் ஆல்பங்களில் பசை தடவிய அட்டையும் மேலே ஒளிபுகும் தாளும் இருக்கும். படம் அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தால் நெம்பாதீர்கள். பல் இடுக்கைத் துப்புரவு செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, ரம்பம் போல மெதுவாக முன்னும் பின்னும் இழுத்தால் பெரும்பாலும் பெயர்ந்து வரும். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயலவே வேண்டாம். படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகளில் ஸ்கேன் செய்து, பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய பெயர்களும் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

இடிபாட்டிலிருந்து எடுத்த தாள்கள் கைக்கு வந்தால் நடைமுறை வேறு. கரி படிந்த தாளை ஈரத்துணியால் துடைத்தால் கரி இழைக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. தாள் உறுதியாகவும் உலர்ந்தும் இருந்தால் மட்டும் மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தள்ளிவிடுங்கள். ஓரம் கருகியவற்றைத் தடித்த அட்டையில் ஏந்தி, ஸ்கேனரில் அழுத்தாமல் மேலிருந்து படமெடுக்க வேண்டும். தீயணைப்புத் தண்ணீரில் நனைந்திருந்தால் நேரம் முக்கியம்: நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் காற்றாட உலர்த்த முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையிலிட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டால், நிதானமாகப் பிறகு கவனிக்கலாம்.

பழைய நாளேடுகளையும் புரட்ட வேண்டும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற ஏடுகளில் கல்லூரித் தமிழ்ச் சங்க விழாச் செய்திகளோடு விடுதி மாணவர்களின் பெயர்களும் தட்டுப்படலாம்.

தீயைப் பற்றிய கேள்வியைச் சந்திப்பின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் விரும்பாவிட்டால் கேட்காமலே எழுந்து வாருங்கள். யார் கவனக்குறைவால் நேர்ந்தது என்று பெயர் சொல்லிக் குறை கூறினால், அந்தப் பகுதியை வெளியிடாதீர்கள். எதை வெளியிடலாம், எதைக் குடும்பத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திரட்டியவற்றின் பிரதிகள் குறைந்தது மூன்று இருக்கட்டும், அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஒலிப்பதிவுகளையும் வரைபடங்களையும் ஏற்றுக்கொள்வார்களா என்று கல்லூரி நூலகத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பாருங்கள். நூலாக அச்சிடுவதாக இருந்தால், தேசிய நூலகத்தில் நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சு நூலின் பிரதிகளை அதே நூலகத்தில் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், அச்சகத்தில் எண்ணிக்கை சொல்லும்போது அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.