பழைய மர அலமாரிக்கு எனாமல் அடிக்கும் முன்பும் பின்பும்

தேக்கிலோ ஈட்டியிலோ செய்த அலமாரி, பாலிஷ் மட்டும் மங்கியிருக்கிறது என்றால் பெயின்ட் பக்கமே போக வேண்டாம். மறுபாலிஷ் போதும். ஏற்கெனவே பெயின்ட் அடித்தது, மா, வேம்பு போன்ற மரத்தில் செய்தது, அங்கங்கே ஒட்டுப்போட்டது ஆகியவைதான் நிறம் மாற்றத் தோதானவை. ஐந்தடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால் வெளிப்பக்கம் இரண்டு கோட் அடிக்க ஒரு லிட்டர் எனாமல் தாராளம். அரை லிட்டர் வுட் பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), அரை லிட்டர் டர்பன்டைன், கால் கிலோ மர லப்பம் (பள்ளங்களை அடைக்கும் பசை), 2 அங்குல பிரஷ், 120, 220, 320 எண் உப்புத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

கீல், கைப்பிடி, பூட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கீல் மேலேயே அடித்தால் கதவை முதல்முறை திறக்கும்போதே பெயின்ட் வெடிக்கும்.

பழைய பூச்சு பிடிப்பாக இருக்கிறதா? பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடு கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். செதில் செதிலாக வந்தால் முழுவதும் சுரண்ட வேண்டும். வராவிட்டால் பளபளப்பு போகத் தேய்த்தாலே போதும். ஒரு எச்சரிக்கை: வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள், சூடுகாட்டி உரிக்காதீர்கள். வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வரும் சேற்றை ஈரத்துணியால் வழித்தெடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

பூஜை அலமாரி என்றால் எண்ணெய்ப் பிசுக்குதான் முதல் எதிரி. சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, டர்பன்டைன் துணியால் இரண்டு முறை துடையுங்கள். இதைச் செய்யாவிட்டால் பெயின்ட் வட்ட வட்டமாக விலகி நிற்கும், அல்லது காயவே காயாது. மண்ணெண்ணெய் உதவாது, அதுவும் பிசுக்கை விட்டுப்போகும். ஓட்டைகளிலிருந்து மாவு கொட்டினால் உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி) உயிரோடு இருக்கிறது. சிரிஞ்சில் மரப்பூச்சி மருந்து ஏற்றி, அது காய்ந்த பிறகு மற்ற வேலை.

பிரைமர் அடித்த பிறகே லப்பம். பிரைமர் இல்லாத வெறும் மரத்தில் வைத்தால் மரம் லப்பத்தின் எண்ணெயை உறிஞ்சிவிட, அது காய்ந்து உதிரும். சுவர் புட்டியைத் தொடவே கூடாது: மரம் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், புட்டி அதோடு போகாமல் விரியும். 220 எண்ணில் தேய்த்து, லப்பம் வைத்த இடங்களில் மட்டும் மறுபடி பிரைமர் தொட்டுவிடுங்கள். விட்டால் அந்த இடங்கள் மங்கலான திட்டாகத் தெரியும். வெள்ளைப் பிரைமர் மேல் செம்பழுப்புக் கறை ஊறி வந்தால் மரச்சாயம் கசிகிறது என்று பொருள். இன்னும் எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் நிற்காது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் ஒரு கோட் அடித்தால் நிற்கும்.

எனாமலை அடிவரை கிளறி, லிட்டருக்கு 50 முதல் 100 மில்லி டர்பன்டைன் சேருங்கள். கதவில் முதலில் இடுக்குகள், பிறகு நடுப்பலகை, குறுக்குச் சட்டம், கடைசியாக நெடுஞ்சட்டம். மெல்லிசாக அடியுங்கள். அடுத்த கோட்டுக்கு ஒரு நாள் இடைவெளி, நடுவே 320 எண்ணில் லேசான தேய்ப்பு. தடியாக அடித்தாலோ அவசரப்பட்டாலோ மேலே ஆடை பிடித்து, அடியில் ஈரம் நின்று, பெயின்ட் சுருங்கும். நேர்வெயிலில் அடித்தால் கொப்புளம். ஐப்பசி அடைமழையில் ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது.

மயில் நீலம், கிளிப்பச்சை எளிதில் மூடும். மஞ்சளும் சிவப்பும் அப்படியல்ல, மூன்றாவது கோட் கேட்கும். சிவப்புக்கு அடியில் சாம்பல் நிறம் கொடுத்தால் சீக்கிரம் மூடும். உள்பக்கத்துக்கு வெள்ளை எண்ணெய் எனாமல் வேண்டாம். மூடிய இருட்டில் அது மஞ்சளாகிவிடும். தண்ணீரில் கலக்கும் எனாமல் வாங்குங்கள். இழுப்பறைகளின் முகப்புக்கு மட்டும் நிறம். பக்கங்களுக்கும் அடித்தால் இறுகிக்கொள்ளும், அங்கே மெழுகுவத்தி தேய்த்தால் போதும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே துணிமணி அடுக்காதீர்கள். முழுதாக இறுக ஒரு வாரமாவது ஆகும். மிச்ச பெயின்டைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடிவையுங்கள், காற்று இருந்தால் ஆடை கட்டிவிடும்.